வேக கிளைடருக்கு எந்த மோட்டார்? மேலே 800 வாட் என்று எழுதியிருந்தால் போதுமா?

பிப்ரவரி 2, கேள்வி

"ரேடியோவில் ஓட்டும் மாதிரி கிளைடர், இறக்கை இரண்டு மீட்டர். எல்லாம் ஏற்றியபின் 1.6 கிலோ வரும் என்று நினைக்கிறேன். மூக்கு ஒடுக்கம், 38 மில்லி ஸ்பின்னர் (மூக்கு நுனிக் கூம்பு)தான் உட்காரும். மோட்டாரைப் போட்டால் செங்குத்தாக ஏற வேண்டும், நிறுத்தினால் சீறிக்கொண்டு பாய வேண்டும். கிலோவுக்கு 500 வாட் என்கிறார்கள். அப்படியானால் 800 வாட் மோட்டார் ஒன்றை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா?"

பிப்ரவரி 2, இரவு

முடியாது. மோட்டார் மேல் எழுதியிருக்கும் வாட் அது கொடுக்கும் சக்தி அல்ல, கருகாமல் தாங்கும் சக்தி. எவ்வளவு இழுப்பது என்பதை முடிவு செய்வது புரொப், அதாவது முன்னால் சுற்றும் விசிறி. சின்ன புரொப்பை மாட்டினால் அதே 800 வாட் மோட்டார் 200 வாட்டோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பெரியதை மாட்டினால் 1,500 வாட்டை இழுக்கப் பார்த்து அதிலேயே உயிரை விடும். அதனால் கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்காதீர்கள். எவ்வளவு வேகமாக ஏற வேண்டும், அதற்கு என்ன புரொப், அதை எத்தனை சுற்றில் சுற்ற வேண்டும், அதற்கு எத்தனை வோல்ட், அப்புறம்தான் மோட்டார்.

ஏறக்குறைய இதே அளவில் ஒன்று என் மேசையிலும் பாதி கட்டிக் கிடக்கிறது. நானும் கூடவே கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன். தப்பாகப் போனால் உங்களுக்கு லாபம்.

பிப்ரவரி 3

செங்குத்தாக ஏறுவது என்றால் எடையைத் தூக்கும் சக்தி தனி, காற்றைக் கிழிக்கும் சக்தி தனி. வினாடிக்கு 25 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 90 கிலோமீட்டர். எடைக்கு 1.6 × 9.81 × 25, ஏறக்குறைய 390 வாட். வழவழப்பான கிளைடர், செங்குத்தில் இறக்கைக்குத் தூக்கும் வேலையும் இல்லை, அதனால் காற்றுத்தடைக்கு ஐம்பது வாட் போதும். ஆக 440. இது காற்றில் உண்மையாக வேலை செய்ய வேண்டிய சக்தி.

பேட்டரியிலிருந்து இது வந்து சேர்வதற்குள் ஒவ்வொருவரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். புரொப் 100-க்கு 70 கொடுத்தால் நல்ல புரொப். மோட்டார் 85. ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), வயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 95. மூன்றையும் பெருக்கினால் 56 சதவீதம் சொச்சம். 440-ஐ அதால் வகுத்தால் பேட்டரி கொடுக்க வேண்டியது 780 வாட். பாருங்கள், நீங்கள் கேட்ட 800 வந்துவிட்டது. கிலோவுக்கு 500 என்ற பேச்சு வெறும் வாய்வழக்கு இல்லை, ஆனால் அது விடை, கேள்வி அல்ல.

பிப்ரவரி 3, அதற்குப் பிறகு

புரொப் கணக்கு. பிட்ச் என்பது ஒரு சுற்றில் புரொப் முன்னால் போக வேண்டிய தூரம், அங்குலத்தில். பிட்சையும் நிமிடச் சுற்றையும் 0.001524-ஐயும் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். இந்தப் பிட்ச் வேகம் விமானத்தின் வேகத்தைவிட மூன்றில் ஒரு பங்காவது கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் இழுக்க எதுவும் மிஞ்சாது. 90-இல் ஏற 120, 125 வேண்டும். 8 அங்குல பிட்ச் என்றால் 10,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. 12×8 மடங்கும் புரொப் என்னிடம் இருக்கிறது. என் பெட்டியில் 1100 கேவி (ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று) அவுட்ரன்னர், அதாவது வெளிக்கூடு சுற்றும் மோட்டார், ஒன்றும் 60 ஆம்ப் ஈஎஸ்சி ஒன்றும் கிடக்கின்றன. 4எஸ், அதாவது நான்கு செல் தொடராகக் கோத்த பேட்டரி முழுதாக ஏறினால் 16.8 வோல்ட். 16.8 × 1100 என்றால் 18,480 சுற்று, 225 கிலோமீட்டர் பிட்ச் வேகம்! தேவைக்கு மேலே, ஆனால் வேக கிளைடருக்கு யார் போதும் என்பார்கள். நாளையோ மறுநாளோ மேசையில் கட்டிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 5

புகை.

பிப்ரவரி 5, இரவு

சரி, முழுக் கதையும். உடலை மேசையில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன், புரொப்பின் தளத்தைவிட்டு ஒதுங்கிப் பின்பக்கமாக நின்றேன், இவை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஸ்டிக்கை மெதுவாக ஏற்ற ஏற்ற வாட்மீட்டரில் 40, 65, 80. முழுதும் தள்ளியபோது 98 ஆம்ப் என்று காட்டியதை நன்றாகப் பார்த்தேன், பேட்டரி 13.4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. இரண்டு வினாடி இருக்கும். ஈஎஸ்சியின் ஹீட் ஷ்ரிங்க் உறை ஒரு பக்கம் உப்பியது, அப்புறம் அந்த வாசனை. ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேட்டரியைப் பிடுங்கிவிட்டு உறையை வெட்டிப் பார்த்தால், வரிசையாக இருக்கும் கறுப்புச் சில்லுகளில் ஒன்றில் கடுகளவு ஓட்டை, சுற்றிலும் செம்பு நிறத்தில் பொறிப் பொறியாகத் தெறித்திருக்கிறது. 60 ஆம்ப் பொருளுக்கு 98 ஆம்ப் கொடுத்தால் வேறு என்ன நடக்கும். அதைச் செய்தவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

சுற்றுமானி 12,300 காட்டியது. 18,480 எங்கே, 12,300 எங்கே. பிட்ச் வேகம் 225 இல்லை, 150.

பிப்ரவரி 6

மூன்றாம் தேதி எழுதியதில் இரண்டு தப்பு, இரண்டும் ஆரம்பப் பாடம். கேவி என்பது சுமை இல்லாமல் சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. புரொப்பை மாட்டிவிட்டால் அது கிடைக்காது. அடுத்தது, செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது. நல்ல இழுப்பில் செல்லுக்கு 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள், என் பேட்டரி அதுகூடக் கொடுக்கவில்லை. இனி நான் போடும் கணக்கு: செல் எண்ணிக்கை × 3.5 × கேவி × 0.8. சுமை லேசாக இருந்தால் 0.85. 14 × 1100 × 0.8 என்றால் 12,320. சுற்றுமானி சொன்னதும் அதேதான், இதை முன்னாலேயே போட்டிருந்தால் ஒரு ஈஎஸ்சி மிச்சம்.

இன்னொன்றும் மனதில் ஏற வேண்டும். ஒரே புரொப்பின் சுற்றைக் கூட்டினால் அது கேட்கும் சக்தி மும்மடிப் பெருக்கில் ஏறும். சுற்று கால்பங்கு கூடினால் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பு. விட்டத்தைத் தொட்டால் இன்னும் மோசம், நான்காம் ஐந்தாம் அடுக்கில் போகும். அதனால்தான் ஒரு செல் கூட்டுகிறேன், ஓர் அங்குலம் கூட்டுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்கிற இடத்தில் எல்லாம் புகை வருகிறது.

பிப்ரவரி 8

அதே மோட்டார், அதே 12×8, பேட்டரி மட்டும் 3எஸ், 2,600 மில்லி ஆம்ப் அவர். ஈஎஸ்சி இந்தத் தடவை 100 ஆம்ப். மேசையில் 68 ஆம்ப், 10.3 வோல்ட், 700 வாட், 9,700 சுற்று. பிட்ச் வேகம் 118. இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த விடை ஒரு செல்லைக் கழற்றியதும் கிடைத்துவிட்டது.

பத்து வினாடி ஓட்டி நிறுத்தி மோட்டாரைத் தொட்டால் இளஞ்சூடு. பேட்டரியும் அப்படியே. 68-ஐ 2.6-ஆல் வகுத்தால் 26சி, அதாவது கொள்ளளவைப்போல 26 மடங்கு ஆம்ப். பேட்டரி மேல் 60சி என்று அச்சிட்டிருக்கிறது, அந்த எண்ணை நான் எப்போதும் பாதியாகத்தான் படிப்பேன்.

பிப்ரவரி 10

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் 3எஸ்தான் நல்லதா?"

இல்லை, என் மோட்டாரின் கேவிக்கு 3எஸ். நீங்கள் புதிதாக வாங்கப் போகிறவர், 4எஸ்ஸுக்குப் போங்கள், கேவியை 800 வாக்கில் பாருங்கள். அதே 780 வாட்டுக்கு 3எஸ்ஸில் 75 ஆம்ப், 4எஸ்ஸில் 56. ஆம்ப் குறைந்தால் மோட்டாரும் குளிர்ச்சியாக இருக்கும்.

பிப்ரவரி 13

மேலே கடைசி வாக்கியம் தப்பு. படுத்தபின் உறைத்தது. ஒரே மோட்டாருக்குக் குறைந்த கேவி வரும்படி கம்பி சுற்றினால் கம்பிச் சுற்று கூடும், கம்பி மெலியும். கம்பிச் சுற்றை இரட்டித்தால் மின்தடை நான்கு மடங்கு, ஆம்ப் பாதி. சூடு ஆம்பின் வர்க்கம் பெருக்கல் மின்தடை, அப்படியென்றால் நான்கில் ஒன்று பெருக்கல் நான்கு, போன இடத்திலேயே வந்து நிற்கிறது. மோட்டாருக்கு எத்தனை வோல்ட் என்பதில் அக்கறையே இல்லை. லாபம் எல்லாம் ஈஎஸ்சிக்கும் வயருக்கும் கனெக்டருக்கும்தான். 4எஸ் வாங்கச் சொன்னதில் மாற்றம் இல்லை, சொன்ன காரணம்தான் பாதி தப்பு.

பிப்ரவரி 16

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மோட்டார் பேட்டரி எதையும் வாங்குவதற்கு முன்னால் கிளைடரை முழுதாகக் கூட்டுங்கள்: இறக்கை, வால், சர்வோ, ரிசீவர், வயர் எல்லாம். சிஜி புள்ளியில் (எடை மையம் இருக்க வேண்டிய இடம்) இரண்டு விரலால் தாங்குங்கள், வால் சாயும். இப்போது மூக்கில் மோட்டார் வர வேண்டிய இடத்திலும் பேட்டரி வர வேண்டிய இடத்திலும் சின்னப் பைகளில் கைக்குக் கிடைத்த நட்டு போல்ட்டைப் போட்டுக்கொண்டே போங்கள், சமமாக நிற்கும் வரை. அப்புறம் பைகளை நிறுத்துப் பாருங்கள். உங்கள் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து எவ்வளவு எடை என்பதை கிளைடரே சொல்லிவிட்டது.

எனக்கு மோட்டார் இடத்தில் 190 கிராம், பேட்டரி இடத்தில் 210. முந்தைய கிளைடரில் இதைச் செய்யாமல், லேசான மோட்டார் நல்ல மோட்டார் என்று 120 கிராமில் ஒன்றை மாட்டினேன். கடைசியில் மூக்குக்குள் 60 கிராம் ஈயம் ஒட்ட வேண்டியதாயிற்று. அந்த 60 கிராமைச் செம்பாகவும் காந்தமாகவும் வாங்கியிருந்தால் மோட்டார் குளிர்ச்சியாக ஓடியிருக்கும். ஈயம் எதையும் சுற்றாது.

மார்ச் 1

பறந்தது.

கையிலிருந்து விட்டதும் மூக்கை நிமிர்த்தி, பத்து வினாடி, 200 மீட்டர். பறக்கும்போது எல்லாவற்றையும் பதியும் லாகரை இறக்கிப் பார்த்தேன்: ஏறும்போது 62 ஆம்ப், 10.4 வோல்ட், வினாடிக்கு 20 மீட்டர். மேசையில் 68 இருந்தது காற்றில் 62. விமானம் முன்னால் போகும்போது பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம் குறைகிறது, சுமை இறங்குகிறது, சுற்று கொஞ்சம் ஏறுகிறது. 12×8-இல் இது ஒழுங்காக நடக்கும். பிட்ச் விட்டத்துக்கு நெருக்கமாகப் போகப் போக இந்தக் கணக்கை நம்ப முடியாது: மேசையில் பிளேடு காற்றைப் பிடிக்காமல் வெறுமனே கலக்கிக்கொண்டு நிற்கும், பறக்க ஆரம்பித்ததும் பிடித்துக்கொள்ளும், ஆம்ப் நினைத்த அளவுக்கு இறங்காது.

25 மீட்டருக்குக் கணக்குப் போட்டு 20 கிடைத்திருக்கிறது. 780 வாட் வேண்டிய இடத்தில் 645 கொடுக்கிறேன், குறையத்தானே செய்யும்.

மார்ச் 1, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மோட்டாரை நிறுத்தியபின் முதல் இரண்டு தடவை கிளைடர் பாயவே இல்லை, யாரோ வாலைப் பிடித்து இழுப்பது போல மந்தமாக இறங்கியது. ஈஎஸ்சியில் பிரேக் போட மறந்திருக்கிறேன். பிரேக் இல்லாவிட்டால் புரொப் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், மடங்காது. சுற்றும் 12 அங்குல புரொப்பைவிட நல்ல பாராசூட் கிடையாது.

மார்ச் 9

பிரேக்கை ஆத்திரத்தில் முழு வேகத்துக்கு வைத்தேன், அதற்கும் தண்டனை கிடைத்தது. நேற்று மூன்றாவது ஏற்றத்தில் மோட்டாரை நிறுத்தியதும் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் மோட்டார் போட்டால் ஊளை மட்டும் கேட்கிறது, ஏற்றம் இல்லை. இறக்கிப் பார்த்தால் ஸ்பின்னரைக் கையால் சுற்றலாம், மோட்டார் அசையவில்லை. கழற்றினேன். ஷாஃப்டைக் கவ்வும் கூம்புத் துண்டின் உட்பக்கம் முழுக்கப் பென்சில் தூள் மாதிரி சாம்பல் நிறப் பொடி. ஷாஃப்டில் மோதிரம் மோதிரமாகக் கோடு. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் புரொப் தன் வேகத்தில் தொடரப் பார்த்து நழுவியிருக்கிறது.

ஷாஃப்டையும் கூம்பையும் ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் காயவிட்டு மாட்டினேன், பிரேக்கை நடுத்தரத்துக்குக் குறைத்தேன். இப்போது புரொப் ஒன்றரைச் சுற்று சுற்றி நின்று மடங்குகிறது. அது போதும். பிளேடுகளையும் பாருங்கள்: மூக்கை மேலே தூக்கினால் தன் எடையிலேயே பின்னால் விழ வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஒன்று இறுக்கம், ஒன்று லூசு என்றால் திறக்கும்போது மூக்கு முழுக்க உதறும்.

மார்ச் 22

20 மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒருவருடையது ஐந்து வினாடியில் புள்ளியாகிவிடுகிறது. வயிறு எரிகிறது. வினாடிக்கு 40 மீட்டர் என்றால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து போட்டேன்.

எடைக்கு 630 வாட். காற்றுத்தடை வேகத்தின் மும்மடியில் ஏறுவதால் ஐம்பது வாட் இப்போது 210. ஆக 840, அதே 56 சதவீதத்தால் வகுத்தால் பேட்டரியிலிருந்து 1,500 வாட். 4எஸ்ஸில் 106 ஆம்ப், 6எஸ்ஸில் 71.

அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 200 மீட்டர் ஏற 780 வாட்டில் 8 வினாடி, 1,500 வாட்டில் 5 வினாடி. வாட் அவரில் முதலாவது 1.7, இரண்டாவது 2.1. அவ்வளவுதான் வித்தியாசம்! உயரத்தின் விலை ஏறக்குறைய ஒன்றே, வேகமாக ஏறினால் கொஞ்சம் கூட. அதனால் வேக கிளைடருக்குத் தேடுவது நிறையக் கொள்ளும் பேட்டரி அல்ல, சட்டென்று கொட்டும் பேட்டரி. எடை கூடினால் தூக்க வேண்டியதும் கூடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மார்ச் 23

இந்தப் பைத்தியத்துக்கு ஊற்றுக்கண் எஃப்5பி போட்டி. எஃப்ஏஐ என்ற சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் வகுப்பு. 150 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், 200 வினாடிக்குள் எத்தனை தடவை கடக்கிறீர்கள் என்பது கணக்கு. கோடுகளுக்கு நடுவே மோட்டார் ஓடக் கூடாது, வெளியே போய் ஏறிவிட்டு வந்து பாய வேண்டும். லித்தியம் வருவதற்கு முன்னால் 27 நிக்கல் காட்மியம் செல்களை மூக்கில் திணித்துக்கொண்டு பறந்தார்கள், 32 வோல்ட். அந்த எடையை நினைத்தாலே கை வலிக்கிறது. எஃப்5ஜே இதற்கு நேர் எதிர்: மோட்டார் ஒரே தடவை, அதிகம் போனால் 30 வினாடி, ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் புள்ளி கழியும், அதனால் எல்லோரும் கிராம் கிராமாகச் சுரண்டி லேசாக்குகிறார்கள். எஃப்5ஜே மோட்டார் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் கிளைடரின் எடையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 6

கியர்பாக்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். 40 மீட்டர் ஏற்றம் வேண்டுமானால் 38 மில்லி மூக்குக்குள் அதுதான் இயல்பான வழி. ஒல்லியான மோட்டாரால் முறுக்குவிசை அதிகம் தர முடியாது, சக்தியைச் சுற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். உள்பகுதி மட்டும் சுற்றும் இன்ரன்னரை 40,000, 50,000 சுற்றில் ஓடவிட்டு ஐந்துக்கு ஒன்று, ஆறேமுக்காலுக்கு ஒன்று என்று பிளானட்டரி கியரில் குறைத்தால் பெரிய புரொப்பை நிதானமாகச் சுற்றலாம். அவுட்ரன்னருக்கு விட்டம்தான் பலம், அந்த விட்டத்தைத்தான் மூக்கு தராது.

நான் ஒரு பருவம் முழுக்க ஒன்றை ஓட்டியிருக்கிறேன். இழுப்பு அருமை, சத்தம் பல் டாக்டர் அறை. கிரீஸை மறந்தால் அது நினைவூட்டும், கொஞ்சம் செலவோடு. மெதுவாகத் தொடங்கும் வசதியும் மென்மையான பிரேக்கும் இல்லாத ஈஎஸ்சியோடு சேர்த்தால் பற்கள் போகும். முதல் வேக கிளைடர் கட்டுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். இரண்டாவதற்கு யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, தானாகவே வாங்கிவிடுவார்கள்.

ஏப்ரல் 7

புரொப் வாங்காமலே பிட்சை மாற்ற ஒரு வழி உண்டு. பிளேடுகளைப் பிடிக்கும் நடுத்துண்டு சில முறுக்கிச் செய்யப்பட்டிருக்கும். 12×8-க்கு 2.5 டிகிரி கூட்டினால் பிட்ச் ஏறக்குறைய 9.3 ஆகிவிடும். மாட்டிப் பார்த்தேன், மேசையில் 77 ஆம்ப். ஏற்றம் அதிகம் மாறவில்லை, கிடைமட்டத்தில் ஓட்டினால் மட்டும் வேகம் தெரிந்தது. கழற்றிவிட்டேன். நடுத்துண்டின் அகலத்தையும் கவனியுங்கள், 10 மில்லி அகலமானதை மாட்டினால் புரொப் 12 இல்லை, 12.4. ஆம்ப் 15 சதவீதம்போல ஏறும், புரொப் மேல் எண் அதேதான் இருக்கும்.

ஏப்ரல் 19

நூலிழையில் தப்பித்தது.

சும்மா ஸ்பின்னரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அவுட்ரன்னரின் வெளிக்கூடு சுற்றுகிறது அல்லவா, அதன் மூன்று வயரும் அந்தக் கூட்டுக்கும் கார்பன் சுவருக்கும் நடுவே போகின்றன. நடு வயரின் உறை ஒரு நகத்தளவு இடத்தில் கண்ணாடி போலத் தேய்ந்து பளபளக்கிறது, அதன் நடுவில் தலைமுடி அகலத்துக்குச் செம்பு தெரிகிறது. இன்னும் ஐந்தாறு ஏற்றத்தில் வேலை முடிந்திருக்கும். வயர்களைப் பட்டையாக அழுத்திச் சுவரோடு எபாக்ஸியில் ஒட்டிவிட்டேன், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையும் வளைத்து நடுவே வைத்தேன். ஒடுக்கமான மூக்கில் அவுட்ரன்னர் வைப்பவர்கள் இன்றே பாருங்கள். வெளிக்கூட்டுக்கு மேல் நிலையான உறை போட்ட அவுட்ரன்னர்களும் உண்டு, இரண்டு மில்லி விட்டம் கூடும், மூக்கு இடம் கொடுத்தால் அதுவே நல்லது.

மே 4

ரிசீவருக்குக் கரண்ட் எங்கிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. ஈஎஸ்சிக்குள் இருக்கும் பெக் (மோட்டார் பேட்டரியிலிருந்து ரிசீவருக்குப் பிரித்துத் தரும் பகுதி) பழைய மாதிரியாக இருந்தால் மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடாக எரித்துத்தான் 5 வோல்ட்டாக்கும். 4எஸ்ஸில் 16-இலிருந்து 5-க்கு இறங்க, ஓர் ஆம்பில் 11 வாட் சூடு, மூடிய மூக்குக்குள். நான்கு டிஜிட்டல் சர்வோ வேகத்தில் பாய்ந்து திரும்பும்போது ஓர் ஆம்போடு நிற்காது. அப்படிச் சூடாக எரிக்காத ஸ்விட்ச்சிங் வகை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் தனியாகச் சின்ன ரிசீவர் பேட்டரி.

பேட்டரியைப் பின்னால் தள்ள வேண்டும் என்று பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே வயரை நீட்டாதீர்கள். அந்தப் பக்கம் நீண்டால் ஈஎஸ்சியின் கெபாசிட்டர்கள் திணறும். நீட்டியே ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள்.

மே 18

கேட்டவர் வாங்கிவிட்டார். 4எஸ், 820 கேவி, உறை போட்ட அவுட்ரன்னர், 12×8, 80 ஆம்ப் ஈஎஸ்சி. பை முறையில் மூக்கு எடையையும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாராம். மேசையில் 63 ஆம்ப் என்று எழுதியிருக்கிறார், காற்றில் 57, 58-க்கு இறங்கும். மோட்டார் மேல் என்ன வாட் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்.

மே 25

இன்று காற்று அடங்கியிருந்தது. ஒரே பேட்டரியில் 12 ஏற்றம், ஒவ்வொன்றும் பத்து வினாடி. 62 ஆம்ப் பத்து வினாடி என்றால் 172 மில்லி ஆம்ப் அவர், பன்னிரண்டுக்கு 2,064. வீட்டுக்கு வந்து சார்ஜரில் போட்டேன். 2,058 ஏறி நின்றது.